அறுபத்து நான்கு எழுத்துகள்

லேப்டாப்பின் விசிறி ஞாயிறு முதல் இருமுகிறது.
வெள்ளிக்கிழமை அதைக் கீழே அனுப்ப வேண்டும்,
ஐந்து ரோட்டுக் கடைக்கு.
கடைப் பையன் பாஸ்வேர்ட் கேட்பான்.
கேட்காமல் எப்படிச் சரிபார்ப்பான், பாவம்.

உள்ளே என்ன பெரிய புதையல்.
மூன்று வருஷத்து ரத்தப் பரிசோதனை,
நான்கு விதமாய் எழுதி அனுப்பாத ராஜினாமா,
பத்திர நகல்,
நாற்பது நொடி ஒரு குரல்.
அந்தக் குரலை நானே இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன்.

முதலில் கிடைத்த செயலி தங்கக் கேடயம் பிடித்திருந்தது.
ராணுவத் தரம் என்றது.
என் எண்ணையும் என் போனில் உள்ள
எல்லோர் எண்ணையும் கேட்டது.
எப்படிப் பூட்டுவாய் என்று தேடினால்
அது மட்டும் ரகசியமாம்.

இன்னொன்று சாம்பல் நிறம். அழகில்லை.
ஆனால் குடலை வெளியே எடுத்துப் போட்டிருந்தது.
யாரும் படிக்கலாம், யாரும் குறை சொல்லலாம்.
சொல்லியும் இருக்கிறார்கள்:
இன்ன தேதியில் இன்ன இடத்தில் தவறினோம்,
இப்படித் திருத்தினோம் என்று
கூச்சமில்லாமல் நீளும் பட்டியல்.
எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படியொரு பதிவேடு இருந்திருந்தால்
அந்த ராஜினாமாவை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

எனக்கு நிரல் படிக்கத் தெரியாது.
திறந்து பார்த்தேன், நாலாயிரம் வரி.
லேடீஸ் சீட்டில் நின்று பார்க்கும் மூடுபனி மாதிரி.
கீழே சேலம் இருக்கிறது என்று தெரியும்,
ஒரு விளக்குகூடத் தெரியாது.
நடுவில் யாரோ மனுஷ மொழியில் குறிப்பு விட்டிருந்தார்.
‘இந்த இடத்தை இன்னொருவரும் பார்த்தால் நல்லது.
எனக்கு முழு நம்பிக்கை இல்லை.’
அதன் கீழே வேறொரு பெயர்.
‘பார்த்தேன்.’

அந்த ஒரு சொல்லுக்காக எடுத்துக்கொண்டேன்.

சூரமங்கலத்தில் தில்ஷாத்தும் அதையே இறக்கினாள்.
வந்தது அசல்தானா என்று தெரிய
அறுபத்து நான்கு எழுத்துகளை ஒப்பிட வேண்டும்.
முதல் எழுத்திலேயே இடறியது.
அவளுக்கு ஏழு, எனக்கு ஒன்பது.
நடுவில் கரண்ட் போனதில்
கோப்பு அரைகுறையாய் வந்து சேர்ந்திருக்கிறது.
ஒரு பொட்டு குறைந்தாலும்
மொத்த எண்ணும் முகம் மாறிவிடுமாம்.

மறுபடி இறக்க ஒன்றரை மணி நேரம்.
வெளியே மழை, டவர் ஒற்றைக் கோடு.
பதினொன்றேகாலுக்கு அவள் தூக்கக் குரலில் ஆரம்பித்தாள்,
‘ஏழு, சி, சைபர், எஃப்,
பி, நாலு, நாலு, டி...’
நான் திரையில் விரல் வைத்து நகர்ந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழேயிருந்து
அர்த்தமே இல்லாத பேச்சு.
பதினேழு வருஷ சிநேகத்தில்
இத்தனை கவனமாய் நாங்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை.
கடைசி எழுத்தை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.
‘தூங்குடி’ என்று வைத்துவிட்டாள்.

பிறகு சாவி.
லூடோப் பகடையை உருட்டி எடுத்த ஆறு சொற்கள்,
ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.
இங்கே எழுத மாட்டேன்.
மறந்தால் யாராலும் உதவ முடியாது என்று
அந்தச் சாம்பல் ஜன்னல் இரண்டு தடவை எச்சரித்தது.
எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன்,
வெளியே கிடந்ததை அழித்துத் துடைத்தேன்.
பிரதி ஒன்று பென் டிரைவில் தில்ஷாத்துக்கு.
பெட்டி அவளிடம், சொற்கள் என்னிடம்.
மாத்திரை எண்ணும்போதெல்லாம்
உதடு அசையாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.
நாலாவது சொல் வர மட்டும் கொஞ்சம் தாமதமாகிறது.

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து போன்.
‘அக்கா, ஃபேன் மாத்தியாச்சுங்க.
ரெண்டு ஜிபிக்கு ஒரு ஃபைல் கெடக்குது,
எதுலயும் தொறக்க மாட்டேங்குது.
கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க.
அழிச்சு விட்டுரட்டுங்களா?’

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி
‘வேண்டாம்’ என்றேன்.
பிறகு குரலை இறக்கி,
‘கெடலை தம்பி.
அது அப்படித்தான் இருக்கணும்.’